அணுவைப் படம் போடும் முன் அளந்துவிடுங்கள்

ஏழாவதோ எட்டாவதோ படிக்கும் ஒரு பிள்ளையிடம் அணு என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். வாயைத் திறக்கும் முன் கை நோட்டுக்குப் போய்விடும். நடுவில் ஒரு பெரிய புள்ளி, அதைச் சுற்றி இரண்டு மூன்று வட்டம், வட்டத்தின் மேல் எலக்ட்ரான்கள். சோடியம் என்றால் 2, 8, 1. குளோரின் என்றால் 2, 8, 7. தேர்வில் அதற்கு மதிப்பெண் உண்டு, நானும் போட்டுத்தான் வருகிறேன். ஆனால் அதே பிள்ளையிடம் "இந்த அணு எவ்வளவு பெருசுப்பா?" என்று கேட்டால் "ரொம்பச் சின்னது மிஸ்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். தூசி அளவா, கிருமி அளவா? "கண்ணுக்குத் தெரியாது மிஸ்." அந்த வயதில் கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் ஒரே அளவுதான். கிருமியும் செல்லும் அணுவும் ஒன்றாகக் கலந்து கிடக்கும்.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். பல வருடமாக எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அணுவின் படத்தைப் பலகையில் போடும் முன், அது எந்த அளவில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் தங்கள் கையால் கண்டுபிடித்துவிட வேண்டும். அதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். ஒரு துளி எண்ணெய், ஒரு தட்டுத் தண்ணீர், கொஞ்சம் முகப்பவுடர், ஒரு வகுத்தல் கணக்கு. சரித்திரத்திலும் இந்த வரிசையில்தான் நடந்தது. எலக்ட்ரானை ஜே. ஜே. தாம்சன் கண்டது 1897-இல். அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்த மூலக்கூறு எவ்வளவு பெரியது என்பதை அதற்கு முன்பே சிலர் தண்ணீரின் மேல் எண்ணெய் விட்டு அளந்துவிட்டார்கள்.

முதலில் பெஞ்சமின் பிராங்க்ளின். லண்டனில் கிளாப்பம் என்ற இடத்தில் ஒரு பெரிய குளம். காற்றில் அலை அடித்துக்கொண்டிருந்த குளத்தில், காற்று வரும் பக்கமாக நின்று ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை ஊற்றினார். எண்ணெய் பரவப் பரவ அலை அடங்கி, அரை ஏக்கர் அளவுக்குக் குளம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறார். அது 1774-இல் அச்சில் வந்தது. அரை ஏக்கர் என்றால் நம் ஊர்க் கணக்கில் 50 சென்ட், ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர். தேக்கரண்டியை 5 மி.லி. என்று வைத்து வகுத்தால் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் 2.5 நானோமீட்டர் வருகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். பிராங்க்ளின் இந்த வகுத்தலைப் போடவில்லை. அவருக்கு அலை அடங்குவதில்தான் ஆர்வம். மூலக்கூறின் அளவு அவர் காலடியில் அந்தக் குளத்தின் மேல் விரிந்து கிடந்திருக்கிறது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கே சிலிர்க்கும்.

நூறு வருடத்துக்கும் மேல் கழித்து, 1890-இல், ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு அந்த வகுத்தலைப் போட்டார். அகன்ற தொட்டியில் தண்ணீர், நிறுத்து எடுத்த ஆலிவ் எண்ணெய், மேலே கற்பூரத் துணுக்குகள். சுத்தமான தண்ணீரில் போட்ட கற்பூரத் துணுக்கு நிற்காமல் சுற்றும். எண்ணெய்ப் படலம் போதிய அளவு பரவியதும் சட்டென்று நின்றுவிடும். எவ்வளவு எண்ணெயில் நிற்கிறது என்று பார்த்து அவர் கண்ட தடிமன் ஏறத்தாழ 1.6 நானோமீட்டர். கற்பூரம் எந்த வீட்டிலும் இருக்கும். இந்தப் பகுதியை மட்டும் பிள்ளைகளை வீட்டிலேயே செய்து பார்க்கச் சொல்லிவிடுவேன்.

வகுப்பில் நாங்கள் செய்யும் முறை இது. நாலு மரச் சட்டங்களை இரண்டடிக்கு இரண்டடி சதுரமாகத் தரையில் வைத்து, மேலே கருப்பு பாலிதீன் தாளை விரித்து, தண்ணீர் ஊற்றினால் ஆழமில்லாத தொட்டி தயார். கருப்பாக இருந்தால்தான் பவுடர் கண்ணுக்குத் தெரியும். பாலிதீன் புதிதாக இருக்க வேண்டும். சோப்பு பட்ட எதுவும் அருகில் வரக் கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்த கையால் தண்ணீரைத் தொட்டால் முடிந்தது, முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். தண்ணீர் அசைவில்லாமல் நின்ற பிறகு முகப்பவுடரை மேலே இருந்து மிக லேசாகத் தூவ வேண்டும். நிறையப் போட்டால் அதுவே எண்ணெயைத் தடுத்து நிறுத்திவிடும்.

ஆலிவ் எண்ணெய் மருந்துக்கடையில் சின்ன பாட்டிலில் கிடைக்கும். மின்கம்பிக்குள் இருக்கும் மெல்லிய செம்பு இழை ஒன்றை வளைத்து எண்ணெயில் முக்கி எடுத்தால் வளைவின் அடியில் துளி தொங்கும். அது பெரிதாகத்தான் இருக்கும். இன்னொரு இழையால் தொட்டுத் தொட்டுக் குறைத்து, அரை மில்லிமீட்டர் கோடு போட்ட அளவுகோலின் பக்கத்தில் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, அரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்பிள்ளைகள் கேட்டு வாங்கிச் செய்வார்கள். பூக்கட்டும் விரல்களுக்கு நடுக்கம் கிடையாது.

பிறகு அந்தத் துளியைத் தண்ணீரின் நடுவில் மெல்லத் தொட வைக்க வேண்டும். அவ்வளவுதான். கண் மூடித் திறப்பதற்குள் பவுடர் நாலாபக்கமும் விலகி ஓடி, நடுவில் கருப்பாக ஒரு வட்டம் திறக்கும். விளிம்பு நேராக இருக்காது, பூவிதழ் மாதிரி நெளிநெளியாக இருக்கும். வகுப்பே ஒரு முறை "ஓ" என்று கத்தும். இரண்டு மூன்று திசையில் அளந்து சராசரி எடுத்தால் குறுக்களவு 20 செ.மீ.க்கு அருகில் வரும். பார்க்கவே சிரமமான ஒரு துளி ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பரவிவிட்டது!

கணக்கை ஏழாம் வகுப்புக்கு எளிதாக்கிவிடுவேன். துளியை அரை மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் என்றும், படலத்தை 200 மி.மீ. பக்கமுள்ள சதுரம் என்றும் வைத்துக்கொள்ளலாம். துளியின் கனஅளவு 0.125 கன மி.மீ. படலத்தின் பரப்பு 40,000 சதுர மி.மீ. வகுத்தால் 0.000003 மி.மீ., அதாவது 3 நானோமீட்டர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கோளம், வட்டம் என்று சரியான சூத்திரம் போடுவார்கள். அவர்களுக்கு 2.1 நானோமீட்டர் வரும். பிராங்க்ளினின் குளம் 2.5, ராலேயின் தொட்டி 1.6, எங்கள் பாலிதீன் தாள் 2.1. மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பலகையில் பார்க்கும்போது பிள்ளைகள் முகத்தில் வரும் நம்பிக்கை எந்தப் படத்தைக் காட்டினாலும் வராது.

இங்கே கட்டாயம் ஒருவர் கேட்டுவிடுவார். "படலத்தோட தடிமன்தானே மிஸ் இது? அதுல ஒரு மூலக்கூறுதான் இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க? பத்து அடுக்கா இருந்தா?" இந்தக் கேள்வி வராமல் நான் அடுத்த பாடத்துக்குப் போவதில்லை. யாரும் கேட்கவில்லை என்றால் நானே கேட்பேன். ஏனென்றால் இதற்குப் பதில் சொன்னவர் எனக்கு மிகவும் பிடித்தமான ஒருவர்.

ஆக்னஸ் பொக்கல்ஸ். 1862-இல் வெனிஸில் பிறந்தவர், வளர்ந்தது ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்தில். பெண்களுக்கான பள்ளியில் படித்தார். அறிவியல் மேல் அவ்வளவு ஆசை. ஆனால் அந்தக் காலத்தில் அங்கே பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கவில்லை. தம்பி பிரீட்ரிஷ் இயற்பியல் படிக்கப் போனார். அக்கா வீட்டில் இருந்து நோயாளிகளான பெற்றோரைக் கவனித்துக்கொண்டார், தம்பி அனுப்பிய புத்தகங்களைப் படித்தார். இருபது வயதை ஒட்டிய காலத்திலேயே சமையலறையில் தண்ணீரின் மேற்பரப்பை ஆராய ஆரம்பித்துவிட்டார். அவருடைய கருவி 70 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. உயரம் உள்ள ஒரு தகரத் தொட்டி. அதில் விளிம்பு வரை தண்ணீர். குறுக்கே ஒரு தகரப் பட்டை. பட்டையை நகர்த்தினால் ஒரு பக்கத்து மேற்பரப்பு சுருங்கும், மறுபக்கம் விரியும். தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு சின்ன வட்டத் தகட்டைப் பிரித்தெடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதைத் தராசில் பார்த்து, தண்ணீரின் மேற்பரப்பு தன்னை இழுத்துப் பிடித்திருக்கும் விசையை, அதாவது பரப்பு இழுவிசையை, அளந்தார்.

ராலேயின் கட்டுரைகளைப் பற்றித் தெரிந்ததும் 1891 ஜனவரியில் அவருக்கு ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் எழுதினார். ராலேயின் மனைவி அதை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தார். அதே துறையில் தானும் உழைத்துக்கொண்டிருந்த ராலே அந்தக் கடிதத்தை அமுக்கி வைக்கவில்லை. சாதாரண வீட்டுச் சாமான்களை வைத்து இந்தப் பெண்மணி மதிப்புள்ள முடிவுகளைக் கண்டிருக்கிறார் என்று குறிப்பு எழுதி 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். மார்ச்சில் அது வெளிவந்தது.

அந்தத் தொட்டியில் பொக்கல்ஸ் கண்டது இதுதான். எண்ணெய் கொஞ்சமாகவும் இடம் தாராளமாகவும் இருக்கும்போது தண்ணீரின் இழுவிசை ஏறக்குறைய சுத்தத் தண்ணீரில் இருப்பது போலவே இருக்கிறது. பட்டையை நகர்த்தி இடத்தைச் சுருக்கிக்கொண்டே வந்தாலும் மாற்றம் இல்லை. ஒரு குறிப்பிட்ட பரப்பு வந்ததும் அங்கிருந்து இழுவிசை மளமளவென்று இறங்குகிறது. கொஞ்சம் கொஞ்சமாக அடுக்கு குறைந்து மெலியும் பொருளில் இப்படி ஒரு திடீர்த் திருப்பம் வர வழியில்லை. தனித்தனித் துகள்கள் தள்ளித் தள்ளி மிதந்து, இடம் குறைந்து, ஒன்றோடு ஒன்று தோள் உரசும் நிலைக்கு வந்தால்தான் வரும். அந்த இடத்தில் எண்ணெய் ஒரே ஒரு மூலக்கூறு அடுக்காக இருக்கிறது என்று ராலே 1899-இல் எழுதினார். பொக்கல்ஸின் தொட்டியைத்தான் பிறகு அமெரிக்காவில் இர்விங் லாங்மியூர் மேம்படுத்தினார். மேற்பரப்பு வேதியியலுக்காக அவருக்கு 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே வருடம் பொக்கல்ஸுக்கு எழுபதாவது வயதில் அவர் ஊர்ப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இந்தப் பெயர் நம் பாடப்புத்தகங்களில் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதுவரை நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

படலம் ஏன் ஓரடுக்கோடு நிற்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம். ஆலிவ் எண்ணெயின் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை நீண்ட கார்பன் சங்கிலி, அதற்குத் தண்ணீர் ஆகாது. எல்லா மூலக்கூறின் தலையும் தண்ணீரைத் தொட இடம் கிடைக்கும் வரை பரவும், கிடைத்ததும் நிற்கும். சோதித்துப் பார்க்க வேண்டுமானால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினைத் தண்ணீரின் மேல் ஒரு துளி விட்டுப் பாருங்கள். அதற்குத் தண்ணீரோடு ஒட்டும் முனை கிடையாது. பரவாமல் ஒரு வில்லை மாதிரி அப்படியே மிதக்கும்.

இப்போது மூலக்கூறிலிருந்து அணுவுக்கு இறங்கலாம். அந்தச் சங்கிலியில் முக்கியமாக இருப்பது ஒலியிக் அமிலம், அதில் வரிசையாக 18 கார்பன் அணுக்கள். 2.1 நானோமீட்டரை 18-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.12 நானோமீட்டர். அணுவின் அளவு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் வந்துவிட்டோம். இது தோராயம்தான். சங்கிலி வளைந்து நெளிந்திருக்கும், சாய்ந்தும் நிற்கும். ஆனாலும் முகப்பவுடரையும் ஒரு செம்பு இழையையும் வைத்துக்கொண்டு ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை அணுவின் வாசல் வரை வந்துவிடுகிறது.

அளவு கைக்கு வந்ததும் எண்ணிக்கைக்குப் போவேன். 18 கிராம் தண்ணீரில் 6.022 × 10²³ மூலக்கூறுகள். இந்த எண் பிள்ளைகளுக்கு வெறும் அச்சு. கோடியில் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர், அதாவது 0.05 மி.லி. எடுத்துக்கொண்டால், அதில் ஒன்றேமுக்கால் கோடி கோடி கோடிக்குச் சற்றுக் குறைவாக மூலக்கூறுகள் இருக்கின்றன. கோடி என்பதை மூன்று முறை சொல்ல வேண்டும். ஒரு முறை விட்டுவிட்டாலும் விடை ஒரு கோடி மடங்கு தப்பாகிவிடும்.

அப்புறம் சிரிஞ்சு. ஊசி இல்லாத சிரிஞ்சில் காற்றை இழுத்து, முனையை விரலால் அடைத்து அழுத்தினால் பாதி தூரம் போகும். தண்ணீரை நிரப்பி அழுத்தினால் அசையாது. "காத்துல துகள்களுக்கு நடுவுல இடம் இருக்கு மிஸ்" என்று அவர்களே சொல்வார்கள். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பேன். பத்தில் எட்டுப் பேர் யோசிக்காமல் சொல்லும் பதில்: "காத்து!"

"அந்தக் காத்து எதனால ஆனதுப்பா?"

"மூலக்கூறால."

"அந்த மூலக்கூறுகளுக்கு நடுவுல?"

இரண்டு சுற்று போனதும் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி "ஒண்ணுமே இல்லையா மிஸ்?" என்று கேட்கும். ஆமாம், ஒன்றுமே இல்லை. நாம் மூச்சு விடும் காற்றில் ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் சராசரியாக 3 நானோமீட்டர் தூரம், மூலக்கூறின் அளவைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் அவை நொடிக்கு 500 மீட்டர் அளவு வேகத்தில் பறக்கின்றன. அப்படியானால் ஊதுபத்தி வாசனை ஏன் உடனே கடைசி பெஞ்சுக்கு வரவில்லை? ஒவ்வொரு மூலக்கூறும் சராசரியாக 70 நானோமீட்டர் போவதற்குள் இன்னொன்றில் முட்டித் திரும்பிவிடுகிறது. வாசனை இவ்வளவு சீக்கிரம் வருவதே அறையில் காற்றோட்டம் இருப்பதால்தான்.

இங்கேயே இன்னொரு தவறான எண்ணத்தையும் சரிசெய்துவிட வேண்டும். தண்ணீர் ஆவியானால் மூலக்கூறு ஊதிப் பெரிதாகிறது, பனிக்கட்டியானால் மூலக்கூறு உறைகிறது, தங்க அணு மஞ்சளாகப் பளபளக்கும் என்றெல்லாம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பொருளின் குணத்தை அப்படியே அணுவுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு மி.லி. தண்ணீர் கொதித்து ஆவியானால் ஏறத்தாழ 1,700 மி.லி. இடத்தை அடைக்கிறது. மூலக்கூறு அதேதான், தூரம் 12 மடங்கு கூடிவிட்டது. தங்கத்தின் மஞ்சள், எண்ணற்ற அணுக்கள் சேர்ந்து இருப்பதால் வருவது. சில பத்து நானோமீட்டர் அளவுத் துகள்களாகத் தங்கத்தைத் தண்ணீரில் கலந்தால் அது மாதுளைச் சாறு போலச் சிவப்பாக இருக்கும். மைக்கேல் ஃபாரடே 1857-இல் அப்படிச் செய்து காட்டினார்.

அணு உண்டா என்று சந்தேகப்படும் பிள்ளையை நான் அடக்குவதில்லை. பொக்கல்ஸ் கடிதம் எழுதிய காலத்தில் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் போன்ற பெரிய வேதியியலாளரே அணுவைக் கணக்குக்கு வசதியான ஒரு கற்பனையாகத்தான் பார்த்தார். தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் துள்ளுவதை 1905-இல் ஐன்ஸ்டைன் கணக்கால் விளக்கினார். 1908 முதல் பாரீஸில் ழான் பெரென் அதை நுண்ணோக்கியில் அளந்து சரிபார்த்தார். 1909-இல்தான் ஆஸ்ட்வால்ட் அணு உண்டு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்.

இவ்வளவும் ஆன பிறகுதான் பலகையில் வட்டம் போடுகிறேன். மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் 1909-இல் கைகர், கூடவே இருபது வயது மாணவர் மார்ஸ்டன், மெல்லிய உலோகத் தகடுகளின் மேல் கதிரியக்கப் பொருளிலிருந்து வேகமாகப் பாயும் ஆல்பா துகள்களைச் செலுத்தியதும், சில ஆயிரத்தில் ஒன்று திரும்பி வந்ததும், அணுவின் நடுவில் கெட்டியான ஒரு அணுக்கரு இருக்கிறது என்று 1911-இல் ரூதர்ஃபோர்டு சொன்னதும் பாடப்புத்தகத்தில் நன்றாகவே இருக்கிறது. நான் சேர்ப்பது ஒன்றுதான். புத்தகப் படத்தில் அணுக்கரு பட்டாணி அளவு, அணு உள்ளங்கை அளவு. உண்மையில் அணுவின் குறுக்களவில் அணுக்கரு பத்தாயிரத்தில் ஒரு பங்கிலிருந்து லட்சத்தில் ஒரு பங்கு வரைதான். பலகையில் சாக்பீஸால் ஒரு மில்லிமீட்டர் புள்ளி வைத்து, இதுதான் அணுக்கரு என்றால், அணுவின் எல்லை குறைந்தது 10 மீட்டர் அகலத்துக்குப் போக வேண்டும். வகுப்பறைச் சுவர் போதாது. எலக்ட்ரான் அந்தக் கோட்டின் மேல் ரயில் மாதிரி ஓடுவதும் இல்லை. அந்தக் கோடுகள் ஆற்றல் கணக்குக்காக நாம் போட்டுக்கொண்டவை என்று இப்போதே சொல்லி வைத்தால் பதினொன்றாம் வகுப்பில் கஷ்டப்பட மாட்டார்கள்.

இதைச் சொன்ன உடனே வரும் கேள்வி எனக்குத் தெரியும். "அணு முழுக்கக் காலியா இருந்தா, மேஜை மேல கை வச்சா ஏன் மிஸ் உள்ள போக மாட்டேங்குது?" கையில் உள்ள அணுவுக்கும் மேஜையில் உள்ள அணுவுக்கும் வெளிப்புறம் எலக்ட்ரான்கள்தான். இரண்டும் எதிர்மின்சுமை, நெருங்க நெருங்க ஒன்றை ஒன்று தள்ளும். அதோடு, இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்று 1925-இல் வொல்ஃப்காங் பவுலி கண்ட விதியும் சேர்ந்துதான் கையைத் தடுக்கிறது. எட்டாம் வகுப்பில் முதல் பாதியை முழுதாகச் சொல்லி, இரண்டாவது பாதியைப் பெயரோடு மட்டும் பலகையின் ஓரத்தில் எழுதி வைக்கிறேன். சிலர் அதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பிறகு 2, 8, 1-க்குப் போவோம். கடைசி வட்டத்தில் இருக்கும் அந்த ஒரு எலக்ட்ரானைச் சோடியம் ஏன் அவ்வளவு சுலபமாக விட்டுவிடுகிறது என்பது அடுத்த வாரப் பாடம்.